கட்டையை யார் தள்ளிவிட்டது?

இணைய இதழ்களில் வரும் கவிதைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டையை நன்றாகத் தெரியும். அந்தி நேரம், கடற்கரை, ஆள் நடமாட்டம் கிடையாது. அலை ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்து மணலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. வெளுத்திருக்கிறது, வழவழப்பாக இருக்கிறது, ஒரு பக்கம் புதைந்திருக்கிறது. கவிதைசொல்லி பக்கத்தில் உட்காருகிறார். ஐந்தாறு வரி கழிந்ததும் கட்டைதான் அவர், அவர்தான் கட்டை. ஊர் தெரியாது, வேர் தெரியாது, போகுமிடம் தெரியாது. சிறுகதையாக இருந்தால் கட்டைக்குப் பதில் ஓர் ஆள்: வடக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்கியவர், அகதி முகாமில் இருப்பவர், அல்லது ஊரைவிட்டு வந்து வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன். அவர்களும் அடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். எல்லாரும் ஒதுங்கியவர்கள்.

யார் பேரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவர் இருவர் செய்தால் பேர் சொல்லலாம். இது பழக்கமாகவே ஆகிவிட்டது. படிமம் பழசாகிவிட்டது என்று குறை சொல்லவும் நான் வரவில்லை. நிலாவைவிடப் பழசு எது? நிலாவை வைத்து இன்றைக்கும் நல்ல கவிதை வருகிறது. என் குறை வேறே. இந்தக் கவிதைகளில் யாரும் கட்டையைப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் முதலில் எழுகிற கேள்வி 'நான் யார்?' என்பதாக இருக்காது. 'இது எப்படித் தண்ணிக்குள்ள வந்துச்சு?' என்பதாகத்தான் இருக்கும்.

தமிழில் இதற்கென்று எல்லாரும் புழங்குகிற ஒற்றைச் சொல் கிடையாது. ஆங்கிலக்காரர்கள் டிரிஃப்ட்வுட் என்று முடித்துவிடுகிறார்கள். நாம் 'கட்டை ஒதுங்கியிருக்கு' என்று ஒரு வாக்கியமாகச் சொல்கிறோம். அந்த வாக்கியத்தின் இரண்டு சொற்களும் கனமானவை. கட்டை நமக்கு மரமும்தான், உடம்பும்தான். 'இந்தக் கட்டை வேகுற வரைக்கும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். மழைக்கு ஒதுங்குவது ஒன்று. மேல்சாதிக்காரர் வந்தால் தெருவோரம் ஒதுங்கச் சொன்னது இன்னொன்று. செய்தித்தாளில் கரை ஒதுங்குவது பெரும்பாலும் சடலம். இதனால்தான் இந்தப் படிமம் கையில் எடுத்ததுமே வேலை செய்வதுபோலத் தோன்றுகிறது. பாதி வேலையை மொழி ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. மீதியை எழுதுகிறவர் செய்யணும். செய்வதில்லை.

சரி, கட்டையைப் பார்ப்போம்.

ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கக் கரையை நீர் அறுத்துக்கொண்டே இருக்கும். வேருக்கு அடியில் மண் போனதும் மரம் சாயும். மலைச்சரிவு ஒரே இரவில் ஒரு தோப்பையே ஓடைக்குள் தள்ளும். புயல் கடலோர மரங்களை முறித்துப் போடும். பிறகு மனிதர்கள். வெட்டி அடுக்கிவைத்ததை வெள்ளம் கொண்டுபோகும். ஆற்றில் மிதக்கவிட்டுக் கீழே அனுப்பும் மரங்களில் சில கூட்டத்தைவிட்டுப் பிரியும். உடைந்த படகு, பாலத்துப் பலகை, யார் வீட்டு உத்தரமோ. தண்ணீரில் விழுந்தபிறகு பட்டை உரியும், கல்லும் மணலும் உரசி முனையை மழுக்கும், வெயிலும் உப்பும் நிறத்தை எடுக்கும். கடலில் கப்பல்புழு துளைக்கும் (பேர்தான் புழு, அது சிப்பிக்குச் சொந்தம்). நீர் ஊறி ஊறி ஒருநாள் கட்டை மூழ்கும். கரையில் நாம் பார்ப்பது மூழ்குவதற்குள் ஒதுங்கியதை மட்டும்தான்.

கரையொதுங்கும் மரத்துக்கு உலகில் பெயர்போன இடம் வடதுருவத்தைச் சுற்றியுள்ள கரைகள். ஐஸ்லாந்தின் வடமேற்கு ஓரம், கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட். அங்கெல்லாம் பெரிய மரமே கிடையாது, அல்லது பேருக்கு இருக்கும். ஆனால் கரை முழுக்க முழுநீள மரங்கள் குவிந்து கிடக்கும். எங்கிருந்து? பெரும்பாலும் சைபீரியாவிலிருந்து. யெனிசெய், லேனா, ஓப் ஆறுகள் லார்ச், பைன், ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொண்டுவந்து வடகடலில் தள்ளுகின்றன. வெறும் நீரில் மிதந்தால் அவ்வளவு தூரம் வந்து சேராது, வழியிலேயே ஊறி மூழ்கிவிடும். கடல் உறையும்போது பனிக்குள் மாட்டிக்கொண்டு, அந்தப் பனி துருவத்தைக் கடந்து மெதுவாக நகர, சில ஆண்டுகள் கழித்து அட்லாண்டிக் பக்கம் பனி உருகும் இடத்தில் விடுபடுகின்றன. கட்டையின் வளையங்களை எண்ணி ஒப்பிட்டு, எந்த ஆற்றுப் படுகையில் வளர்ந்தது என்பதைக்கூட ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கிய ஜீனெட் என்ற கப்பலின் பொருட்கள் 1884இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. இதையும் சைபீரிய மரங்களையும் சேர்த்து யோசித்த நான்சென், பனிக்குக் கீழே ஒரு நீரோட்டம் துருவத்தைக் குறுக்காகக் கடக்கிறது என்று கணித்தார். ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே பனிக்குள் உறையவிட்டு 1893 முதல் 1896 வரை அந்த வழியில் மிதந்தும் காட்டினார். 'திக்குத் தெரியாமல் அலைகிற கட்டை' என்று நாம் எழுதுகிற அதே பொருளை ஒருவர் வரைபடமாக வாசித்திருக்கிறார்.

இன்னொரு விஷயம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. அந்தத் தொலைதூரக் கரைகளில் கிடக்கும் மரங்களில் பெரும்பங்குக்கு வேர் கிடையாது. இரண்டு முனையும் ரம்பத்தால் நேராக அறுக்கப்பட்டிருக்கும். அதாவது அவை விழுந்த மரங்களே கிடையாது. வெட்டப்பட்டு, ஆற்றில் மிதக்கவிடப்பட்டு, நடுவில் தப்பியவை. யெனிசெய் ஆற்றில் மர ஏற்றுமதிக்காகவே 1929இல் உருவான இகார்கா துறைமுகத்தில் நாடுகடத்தப்பட்ட விவசாயக் குடும்பங்களும் உழைத்தன. இந்தக் கரையில் உட்கார்ந்து, வெளுத்த ஒரு கட்டையைத் தடவிக்கொண்டு, 'இயற்கையின் கைவிடப்பட்ட குழந்தை' என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? முனையைத் திருப்பிப் பார்த்தால் போதும். ரம்பத்தின் கோடு தெரியும்.

'கவிதைக்கு எதுக்குங்க தாவரவியல்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வளையத்தை எண்ணச் சொல்லவில்லை. முனையைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். கட்டையை நம்பி வாழ்ந்தவர்கள் எப்படிக் கதை சொன்னார்கள் என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறியபோது இருந்தது பெரும்பாலும் பிர்ச் மரம். அதையும் சீக்கிரமே வெட்டித் தீர்த்தார்கள். வீட்டு உத்தரம், படகு, சர்ச்சுக் கூரை, எல்லாத்துக்கும் கடல் கொண்டுவரும் மரம்தான். எனவே கரையில் கிடக்கும் கட்டைக்கு உரிமையாளர் உண்டு. யார் நிலத்தின் கரையில் ஒதுங்கியது, அதில் யாருடைய அடையாளம் செதுக்கியிருக்கிறது, சர்ச்சுக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் அவர்களுடைய பழைய சட்டங்கள் பேசுகின்றன. 1281இல் ஏற்கப்பட்ட யோன்ஸ்போக் என்ற சட்டத்தொகுப்பில் ஒதுங்கும் பொருட்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அந்த மக்களின் புராணத்தில் முதல் மனிதர்களே மரத்திலிருந்து வந்தவர்கள்தாம். 13ஆம் நூற்றாண்டில் ஸ்நோரி எழுதிய எட்டாவில், கடவுளர் கடற்கரையில் நடந்துபோகும்போது கண்டெடுத்த இரண்டு மரங்களுக்கு உயிரும் அறிவும் முகமும் கொடுக்கிறார்கள். அஸ்க், எம்ப்லா. களிமண் கிடைக்கிற ஊரில் களிமண், கட்டை ஒதுங்குகிற ஊரில் கட்டை.

ஆனால் நான் சொல்ல வந்தது கிரெட்டிர் கதை. கரையொதுங்கும் கட்டையை வைத்து இவ்வளவு பயங்கரமாக எழுதப்பட்ட வேறொன்றை நான் வாசித்ததில்லை.

கிரெட்டிர் பெரிய பலசாலி, வாய்த்துடுக்குக்காரன், சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன். யார் வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம். பல ஆண்டுகள் ஒளிந்து திரிந்து, கடைசியில் டிராங்கே என்ற செங்குத்தான தீவில் தம்பி இல்லுகியோடும் கிளௌம் என்ற அடிமையோடும் தங்குகிறான். ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் யாரும் ஏற முடியாது. தீவை மீட்க நினைக்கும் தோர்பியோர்ன், தன்னை வளர்த்த கிழவியைப் படகில் கூட்டிவருகிறான். துரீட் என்று பேர், பழைய மந்திரக்காரி. அவள் சாபம் விட, கிரெட்டிர் மேலிருந்து ஒரு கல்லை வீச, கிழவியின் தொடையெலும்பு முறிகிறது.

கொஞ்ச நாள் கழித்து அவள் தன்னைக் கடற்கரைக்குக் கொண்டுபோகச் சொல்கிறாள். நொண்டிக்கொண்டே ஒதுங்கிக் கிடக்கும் மரங்களுக்கு நடுவே தேடுகிறாள். வேரோடு ஒரு அடிக்கட்டை, ஒரு ஆள் தோளில் சுமக்கிற அளவு. அதைப் புரட்டிப் பார்க்கிறாள். பாருங்கள், புரட்டிப் பார்க்கிறாள்! ஒரு பக்கம் உரசித் தேய்ந்திருக்கிறது. அந்த இடத்தைச் செதுக்கச் சொல்லி, எழுத்துகளை வெட்டி, தன் இரத்தத்தால் அவற்றைச் சிவப்பாக்கி, மந்திரம் சொல்லிக் கடலில் தள்ளிவிடச் சொல்கிறாள். காற்று கரையை நோக்கி வீசுகிறது. கட்டை காற்றுக்கு எதிராகத் தீவை நோக்கிப் போகிறது.

தீவில் விறகுக்குத் தட்டுப்பாடு. கட்டையைப் பார்த்ததும் தம்பிக்கு ஆசை. கிரெட்டிர் காலால் எத்தித் தள்ளிவிடுகிறான். கெட்டது, கெட்டவர் அனுப்பியது என்கிறான். மறுநாள் இன்னும் கிட்டத்தில் வந்து கிடக்கிறது. மறுபடியும் தள்ளிவிடுகிறான். மூன்றாம் நாள் புயல் மழை. விறகு கொண்டுவரச் சொல்லி அடிமையை விரட்டுகிறார்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டே போய் அந்தக் கட்டையையே தூக்கிவந்து குடிசை வாசலில் தொப்பென்று போடுகிறான். கிரெட்டிர் கோடரியை எடுத்து, என்ன கட்டை என்று கவனிக்காமல் வெட்டுகிறான். கோடரி வழுக்கி அவன் வலது காலில் இறங்குகிறது. காயம் ஆறுவதுபோல் ஆறி, பிறகு அழுகுகிறது. எதிரிகள் வரும்போது அவனால் எழுந்து நிற்க முடியவில்லை.

இரண்டு முறை கட்டையை அடையாளம் கண்டவன், மூன்றாம் முறை அது விறகாக வந்ததால் பார்க்காமல் விட்டான். சாகா எழுதியவர் இதை விளக்கமெல்லாம் சொல்லி நிறுத்தவில்லை, கதை பாட்டுக்குப் போகிறது. ஆனால் அவருக்குத் தெரியும்: கட்டை என்றால் யாரோ அனுப்பியது. யார் அனுப்பியது, ஏன் அனுப்பியது, அதற்கு முன்னால் யார் யார் மேல் கல் எறிந்தது, எல்லாம் அந்தக் கட்டைக்குள் இருக்கிறது.

இதோடு வால்மீகியின் கட்டையை வைத்துப் பார்க்கலாம். சித்திரகூடத்தில் ராமன் பரதனைத் தேற்றும் இடம். பெருங்கடலில் ஒரு கட்டையும் இன்னொரு கட்டையும் சந்திக்கின்றன, கொஞ்ச நேரம் சேர்ந்து மிதக்கின்றன, பிரிகின்றன. மனைவி, மக்கள், சுற்றம், செல்வம் எல்லாம் அப்படித்தான் என்கிறான். மகாபாரதத்தின் சாந்திபர்வத்திலும் இதே உவமை வருகிறது. நம்முடைய கரையோரக் கவிதைகளுக்குக் கொள்ளுத்தாத்தா இதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டு கட்டைக்கும் காரணம் கிடையாது, ஊர் கிடையாது, சந்திப்பும் தற்செயல்.

ஆனால் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்தால் உவமை வேறாகிவிடுகிறது. ராமன் காட்டில் இருப்பது தற்செயலா? கைகேயி வரம் கேட்டாள், தசரதன் கொடுத்தான். கேட்டுக்கொண்டு நிற்பவன் அந்தக் கைகேயியின் மகன், குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருப்பவன். யார் தள்ளிவிட்டது என்று அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் ராமன் காரணமே இல்லாத ஓர் உவமையைத் தேர்ந்தெடுக்கிறான். உன் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டாம் தம்பி, கடல் என்றே வைத்துக்கொள்வோம் என்கிற மாதிரி. காரணத்தை மறைப்பது அங்கே ஒரு பெருந்தன்மை. கொஞ்சம் அரசியலும்கூட. சுற்றிலும் உள்ள கதையைக் கழித்துவிட்டு உவமையை மட்டும் தனியே கொண்டுவந்தால் பெருந்தன்மை போய்விடும், மறைப்பு மட்டும் மிஞ்சும். இணைய இதழ்க் கவிதைகளில் எனக்குக் கிடைப்பது இந்த மிச்சம்தான்.

'நம்ம கணியன் பூங்குன்றனாரும் அதானே சொன்னார்?' என்று யாராவது உடனே கேட்பார்கள். புறநானூறு 192. அந்தப் பாட்டின் முதல் வரியை டி-ஷர்ட்டில் போட்டாயிற்று, 2019இல் ஐ.நா. பொதுச்சபை வரைக்கும் போய்வந்தாயிற்று. பின்பாதியில் வரும் உவமைதான் இங்கே நமக்கு வேண்டியது. அதைப் பலரும் நினைவிலிருந்து சொல்லும்போது ஆற்றில் போகும் கட்டை என்றே சொல்கிறார்கள். பாட்டில் இருப்பது கட்டை கிடையாது. புணை.

புணை என்பது தெப்பம். யாரோ கட்டியது. மூங்கிலோ வேழமோ மரமோ, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிணைத்தது. சங்கப் பாடல்களில் புனலாடும் பெண்கள் பிடித்துக்கொண்டு விளையாடுவதும் இதைத்தான். ஆற்றோடு போகும் ஒரு கட்டையையும் ஆற்றோடு போகும் ஒரு தெப்பத்தையும் கரையில் நின்று பார்த்தால் மனசு ஒரே மாதிரியா அடித்துக்கொள்ளும்? தெப்பத்தைப் பார்த்தால் 'யாருதுன்னு தெரியலையே, ஆள் என்ன ஆனாரோ' என்றுதான் முதலில் தோன்றும். கணியனார் உயிரை ஒப்பிடுவது அப்படிப் போகும் ஒன்றோடு. இன்னொன்றும் கவனிக்கணும். அவர் தெப்பத்தைச் சும்மா தண்ணீரில் காட்டுவதில்லை. மின்னல், மழை, குளிர்ந்த துளி, கல்லில் மோதி இரையும் பேராறு, அதற்கப்புறம்தான் தெப்பம். மேகத்திலிருந்து தொடங்கி வரிசையாகக் காரணம் சொல்லிக்கொண்டு வருகிறார். ஊழ் என்று அவர் சொல்வதற்குள் ஒரு மலையளவு நிலவியல் இருக்கிறது. அந்த வரிசையிலிருந்து அவர் எடுக்கும் முடிவும் சுயஇரக்கம் கிடையாது. பெரியவரைக் கண்டு வியக்கவும் வேண்டாம், சிறியவரை இகழவே வேண்டாம் என்று எதிரில் நிற்பவரிடம் போகிறார். நம் கவிதைகளில் கட்டை கவிதைசொல்லியிடம்தான் திரும்பி வருகிறது. எப்போதும்.

புணையைத் திருக்குறளில் தொடர்ந்து போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 306இல் சுற்றம்தான் தெப்பம், சினம் அதை எரிக்கிறது. 1134இல் நாணமும் ஆண்மையும் தெப்பம், காமவெள்ளம் அடித்துப் போகிறது. 1164இல் காமம் கடல், கடக்கத் தெப்பம் இல்லை. மூன்றிலும் புணை என்றால் பிடித்துக்கொள்ள இருந்தது, அல்லது இருந்திருக்க வேண்டியது. குறுந்தொகை 222இல் சிறைக்குடி ஆந்தையார் இதை ஒரு விளையாட்டாகவே வைக்கிறார். தோழி தெப்பத்தின் முன்முனையைப் பிடித்தால் தலைவியும் முன்முனையைப் பிடிக்கிறாள், பின்முனை என்றால் பின்முனை. தோழி தெப்பத்தைக் கைவிட்டு வெள்ளத்தோடு போனாலும் அவள் கூடவே போய்விடுவாள் போலிருக்கிறது என்கிறான் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவன். வெள்ளத்தோடு போவது இங்கே விதி கிடையாது. ஒருத்தி இன்னொருத்தி மேல் வைத்திருக்கும் பிரியம். சின்னப் பாட்டுதான். 'அடித்துச் செல்லப்படுதல்' பற்றி எழுதுகிற யாரும் ஒருமுறை வாசித்துவிட்டு எழுதலாம்.

இலக்கியத்தைவிட்டு ஒரு நிமிஷம் சட்டத்துக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க மிதந்துவரும் மரம், கரையொதுங்கிய மரம் பற்றியது. மிதப்பது, ஒதுங்கியது, மூழ்கிக் கிடப்பது எல்லாம், யாராவது உரிமையை நிரூபிக்கும்வரை அரசாங்கத்துக்குச் சொந்தம். பதிவு பெறாத குறியுள்ள மரம், குறி அழிக்கப்பட்ட அல்லது தீயால் சிதைக்கப்பட்ட மரம் என்று தனித்தனியாகச் சொல்கிறது. சேகரித்து வைத்து, அறிவிப்புக் கொடுத்து, உரிமை கோர இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்கணும். காலனி அரசு காட்டைத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளச் செய்த ஏற்பாடு இது, சந்தேகமே இல்லை. வெள்ளத்தில் விறகு பிடித்த ஆற்றோர ஏழையைத் திருடனாக்கும் சட்டமும்கூட. ஆனாலும் அதை எழுதிய குமாஸ்தா கட்டையைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். குறி இருக்கிறதா, அழித்திருக்கிறார்களா, யார் அழித்தது என்று கேட்டிருக்கிறான்.

2025 மழைக்காலத்தில் ஹிமாச்சலில் வெள்ளம் வந்தபோது ஆறு நிறைய மரத்துண்டுகள் மிதந்துவந்த வீடியோக்களை எல்லாரும் பார்த்தோம். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் காட்சிகளைச் சுட்டிக்காட்டி, பார்த்தால் சட்டவிரோதமாக வெட்டியதுபோல் இருக்கிறதே என்று சொல்லி மத்திய, மாநில அரசுகளிடம் பதில் கேட்டது. வெட்டியதா, தானாக விழுந்ததா? ஒரு கட்டையின் முனை எப்படி இருக்கிறது என்பது ஒரு மலைக்கே வாழ்வா சாவா என்கிற கேள்வியாகிவிடுகிறது. அந்த வீடியோவைப் பகிர்ந்து 'வாழ்க்கையும் இப்படித்தான்' என்று மேலே எழுதியவர்களும் இருந்தார்கள். நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்கப்புறம்தான்.

நாஞ்சில் நாடனின் 'மிதவை' 1986இல் வந்தது. தலைப்பைப் பார்த்தால் நான் குறை சொல்லிக்கொண்டிருக்கும் படிமம்தான். உள்ளே போனால் அப்படி இல்லை. பட்டம் வாங்கியும் ஊரில் வேலை கிடைக்காமல் பம்பாய்க்குப் போகிற சண்முகம் ஏன் மிதக்கிறான் என்று நாவல் கணக்குப் பார்க்கிறது. வீட்டின் வறுமை, படிப்பு, சாதி, சிபாரிசு, தங்க இடம், சாப்பாடு, சம்பளம். மிதவை என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துவிட்டு உள்ளே முழுக்க ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று புலம்பெயர் தொழிலாளியைப் பற்றி வரும் கதைகளில் பலவற்றில் ஆறே இல்லை. பீகாரில் எந்த மாவட்டம், நிலம் இருந்ததா, யார் கடன் கொடுத்தது, எந்த ஒப்பந்தக்காரர் கூட்டிவந்தது, மாதம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார், ஒன்றும் தெரியாது. கண்களில் ஏக்கம் மட்டும் இருக்கும். அவர் கட்டையாகிவிட்டால் இதையெல்லாம் விசாரிக்க வேண்டியதில்லை, பாருங்கள். கட்டைக்கு வட்டி கிடையாது.

இந்த இடத்தில் அக்வேரியம் கடைகள் நினைவுக்கு வருகின்றன. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். டிரிஃப்ட்வுட் என்று விற்கிறார்களே, அதில் பலது ஆற்றையோ கடலையோ பார்த்ததே கிடையாது. ஸ்பைடர்வுட் என்பது அசேலியா செடியின் வேர். தோண்டி எடுத்து, மணலைப் பீச்சித் தோலை உரித்து, ஒதுங்கியதுபோல் ஆக்கி அனுப்புகிறார்கள். தொட்டியில் அழகாகத்தான் இருக்கும். சில நாள் தண்ணீரை டீ நிறமாக்கும், அவ்வளவுதான்.

பிடிக்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டை எவ்வளவு கனம் என்று தெரியும். 2005இல் வந்த மலையாளப் படம் 'நரன்' ஞாபகம் இருக்கலாம். மோகன்லால், முள்ளங்கொல்லி வேலாயுதன். மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் மரங்களைப் பெருகி ஓடும் ஆற்றில் குதித்துப் பிடிப்பதுதான் அவனுக்குப் பெருமை. படத்தில் மசாலா நிறைய. இருந்தாலும் ஆற்றுக் காட்சிகளில் ஒன்று சரியாக இருக்கிறது. மிதக்கும் மரம் ஆளைக் கொல்லும். கரைக்கு இழுக்க உடம்பு வேண்டும், கயிறு வேண்டும், கூட ஆள் வேண்டும். நம் கவிதையில் கட்டை ஒரு சருகு மாதிரி லேசாக வந்து காலடியில் நிற்கிறது.

கடைசியாகப் புத்தருடைய கட்டை. சம்யுத்த நிகாயத்தில் தாருக்கந்த சுத்தம் என்று ஒன்று. கங்கைக் கரை. பெரிய மரம் ஒன்று மிதந்து போவதைப் புத்தர் பிக்குகளுக்குக் காட்டுகிறார். இந்தக் கரையில் ஒதுங்காமல், அந்தக் கரையில் ஒதுங்காமல், நடுவில் மூழ்காமல், மேட்டில் தட்டாமல், மனிதர் கையில் சிக்காமல், மனிதரல்லாதவர் கையில் சிக்காமல், சுழலில் மாட்டாமல், உள்ளே அழுகாமல் இருந்தால் இது கடலைச் சேரும், ஏனென்றால் ஆறு கடலை நோக்கித்தான் சரிகிறது என்கிறார். எட்டு ஆபத்துகளையும் கட்டையைப் பார்த்தே சொல்கிறார். ஆற்றில் போகும் மரத்துக்கு என்னென்ன நேரும் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படி எண்ணி அடுக்க முடியும். உள்ளே அழுகுவது வரைக்கும் பார்த்திருக்கிறார். இங்கே மிதப்பது அவலம் கிடையாது, போய்ச்சேரும் வழி. ஒதுங்குவதுதான் தோல்வி.

ஒரு பிக்கு ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்கிறார். மேட்டில் தட்டி நிற்பது என்றால் என்ன? 'நான்' என்னும் செருக்கு என்கிறார் புத்தர். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் கிடக்கும் கட்டையைக் கண்டதும் 'நான்' என்று எழுத ஆரம்பிக்கிறோமே, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அதற்கு உரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த நந்தன் என்பவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறான். நான் எந்தக் கரையிலும் ஒதுங்க மாட்டேன், மூழ்க மாட்டேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். புத்தர் அவனிடம், முதலில் மாடுகளை உடையவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வா என்கிறார். கன்று தேடி அதுகளே போய்விடும் சாமி என்கிறான் நந்தன். இல்லை, நீ கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்கிறார் மறுபடியும். நந்தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருகிறான்.